வேலையை விட்டு வரும்போது வாங்கி வர வேண்டிய காகிதங்கள்

கீழப்பாவூரில் நிலம் வாங்கப் போகிறவர் தாய்ப்பத்திரம் பார்க்காமல், வில்லங்கம் போடாமல் முன்பணம் கொடுக்க மாட்டார். அதே மனிதர் சவூதியில் ஏழு வருடம் வெயிலில் நின்று வேலை பார்த்துவிட்டு, அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குவார். கேட்டால், "முதீருக்கு எல்லாம் தெரியும், போன் போட்டா அனுப்பிருவாரு" என்பார். ஆறு மாதம் கழித்து கத்தாரில் ஒரு நல்ல வேலை வரும். ஏஜென்ட் அனுபவச் சான்று கேட்பார். அதற்குள் முதீர், அதாவது மேலாளர், வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அவருடைய பழைய எண் அடிக்காது.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான்: காகிதங்களை அந்த நாட்டில் இருக்கும்போதே, கடைசிக் கையெழுத்தைப் போடுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். அதுவரை கம்பெனிக்கு உங்கள் கையெழுத்து தேவை. கையெழுத்து விழுந்து விமானமும் ஏறிவிட்டால், பிறகு எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் அவர்களைத் துரத்த வேண்டியிருக்கும்.

சான்றிதழ் சலுகை அல்ல, சட்டம்

"சர்டிபிகேட் கேட்டா கபில் கோவிச்சுக்குவாரோ" என்று விசா தந்த முதலாளியை நினைத்துத் தயங்குவது நம் ஆட்களிடம் நிறைய உண்டு. அதற்குத் தேவையே இல்லை. வேலை முடிந்து போகும் தொழிலாளி கேட்டால், பணிச் சான்றைக் காசு வாங்காமல் தர வேண்டும் என்று வளைகுடா நாடுகளின் தொழிலாளர் சட்டங்களே சொல்கின்றன.

ஐக்கிய அரபு அமீரகத்தில் நடப்பில் இருப்பது 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம். 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் உள்ளது. அதன் 13-ஆவது பிரிவின்படி சான்றில் சேர்ந்த தேதி, முடிந்த தேதி, மொத்தக் காலம், பதவி அல்லது வேலையின் தன்மை, கடைசியாக வாங்கிய சம்பளம், வேலை முடிந்த காரணம் ஆகியவை இருக்க வேண்டும். தொழிலாளியின் பெயரைக் கெடுக்கும்படியாகவோ, அடுத்த வேலை கிடைப்பதைத் தடுக்கும்படியாகவோ அதில் எதுவும் எழுதக் கூடாது.

சவூதியில் 2005-இல் வந்த தொழிலாளர் சட்டத்தின் 64-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, தொழில், கடைசிச் சம்பளம் ஆகியவற்றோடு இலவசச் சான்று தர வேண்டும். வேலைக்குச் சேரும்போது நீங்கள் ஒப்படைத்த படிப்புச் சான்று, டிரேட் சர்டிபிகேட், உரிமம் எதுவானாலும் திருப்பித் தருவதும் முதலாளியின் கடமை. கத்தாரின் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குவைத்தின் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே உரிமை உண்டு.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, "கேட்டால்" தர வேண்டும் என்பதுதான் சட்டம். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து தர மாட்டார்கள். கேட்டதற்கு ஆதாரமும் வேண்டும். இரண்டு, பணிச் சான்றும் என்ஓசியும் ஒன்றல்ல. என்ஓசி என்பது வேறு முதலாளியிடம் போகப் பழைய முதலாளி தரும் சம்மதம். கத்தாரில் 2020-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். சவூதியிலும் 2021 மார்ச் முதல் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு முதலாளியின் சம்மதமில்லாமலே வேலை மாறலாம். "என்ஓசி தர மாட்டோம்" என்று ஆபீஸில் சொன்னால் சர்டிபிகேட்டும் கிடைக்காது என்று எண்ணித் திரும்பிவிடாதீர்கள்.

வீட்டு வேலை, வீட்டு டிரைவர், தோட்டம் ஆகிய வேலைகளில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலான நாடுகளில் தனிச் சட்டம் உண்டு. அமீரகத்தில் 2022-இலும் குவைத்தில் 2015-இலும் அப்படிப்பட்ட சட்டங்கள் வந்தன. அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

சான்றில் எதைச் சரிபார்ப்பது

கம்பெனி லெட்டர்பேடு, கையெழுத்துப் போட்டவரின் பெயரும் பதவியும், முத்திரை, தொலைபேசி எண் இவையெல்லாம் இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். பலரும் கோட்டைவிடுவது பின்வரும் மூன்று இடங்களில்தான்.

பெயர். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அப்பா பெயரோடு, அதே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எண்ணும் இருக்க வேண்டும். இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் இரண்டு எண்களையும் போடச் சொல்லுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வந்த தேதி முத்திரை அதில்தான் இருக்கும்.

தொழில். விசாவில் "ஆமில்", அதாவது சாதாரணத் தொழிலாளி என்று இருக்கும். பார்த்ததோ எலக்ட்ரீஷியன் வேலை. சான்றையும் ஆமில் என்றே கொடுத்தால், எட்டு வருட அனுபவம் அடுத்த நேர்காணலில் ஒன்றுமில்லாமல் போகும். கத்தார் சட்டம் செய்த வேலையின் வகையை எழுதச் சொல்கிறது. அமீரகச் சட்டம் பதவி அல்லது வேலையின் தன்மையை எழுதச் சொல்கிறது. விசாப் பெயரை மாற்ற முடியாது என்று ஆபீஸில் சொன்னால் சண்டை போட வேண்டாம். "விசாவின்படி இது, செய்த பணி எலக்ட்ரிக்கல் வயரிங், பேனல் பராமரிப்பு" என்று கூடுதலாக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் சைட் இன்ஜினியரிடமோ ஃபோர்மேனிடமோ தனியாக ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்ந்த தேதி. இதில்தான் பணம் இருக்கிறது. விமானத்தில் இறங்கி வேலைக்குப் போன நாளை விட்டுவிட்டு, அக்காமா, அதாவது வசிப்பிட அனுமதி அட்டை, கைக்கு வந்த நாளிலிருந்து சர்வீஸைக் கணக்கிடும் கம்பெனிகள் உண்டு. மூன்று மாதம்தானே என்று விட்டுவிடக் கூடாது. கணக்கைப் பாருங்கள்.

சவூதிச் சட்டப்படி பணிக்கொடை, நம் ஆட்கள் சொல்லும் சர்வீஸ் மணி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். நீங்களாக ராஜினாமா செய்தால், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு. ஐந்து ஆண்டு தாண்டிப் பத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு. பத்து ஆண்டு முடித்தால் முழுத்தொகை.

1,800 ரியால் சம்பளக்காரர் ஒருவர் 5 வருடம் 2 மாதம் வேலை பார்த்துவிட்டு ராஜினாமா செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து ஆண்டுக்கு 4,500, மீதி இரண்டு மாதத்துக்கு 300, மொத்தம் 4,800. அதில் மூன்றில் இரண்டு பங்கு 3,200 ரியால். கம்பெனி மூன்று மாதத்தைக் கழித்து 4 வருடம் 11 மாதம் என்று எழுதினால், கணக்கு 4,425 ஆகும். ஐந்து ஆண்டு தாண்டாததால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 1,475 ரியால்தான். தேதி மூன்று மாதம் தள்ளிப்போனதில் 1,725 ரியால் போய்விட்டது. பாஸ்போர்ட்டில் இருக்கும் வருகை முத்திரையும் முதல் சம்பளச் சீட்டும் கையில் இருந்தால் இந்த வாதத்தில் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள்.

மற்ற நாடுகளின் கணக்கும் தெரிந்திருக்கட்டும். அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள்; மொத்தம் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டாது. புதிய சட்டத்தில் ராஜினாமா செய்தாலும் இதில் குறைப்பு இல்லை. 1,200 திர்ஹம் அடிப்படைச் சம்பளத்தில் ஆறு ஆண்டு முடித்தவருக்கு 4,200-உம் 1,200-உம் சேர்த்து 5,400 திர்ஹம் வர வேண்டும். கத்தாரில் ஓராண்டு முடித்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது மூன்று வாரம். குவைத்தில் மாதச் சம்பளக்காரருக்கு முதல் ஐந்து ஆண்டுகள் ஆண்டுக்கு 15 நாள், பிறகு ஆண்டுக்கு ஒரு மாதம். அங்கே ராஜினாமா செய்தால் சேவைக் காலத்தைப் பொறுத்துக் குறையும்.

கோப்பில் இருக்க வேண்டியவை

1. பணிச் சான்று, மூலப்படி இரண்டு. முடிந்தால் அந்த ஊர் வணிகச் சபையின் முத்திரையும், பிறகு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் அத்தாட்சியும் வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்தபின் இதைச் செய்ய ஏஜென்டுக்கும் கூரியருக்கும் செலவு பல மடங்கு ஆகும்.

2. வேலை ஒப்பந்தம். அமீரகத்தில் 2016 முதல் அரபியோடும் ஆங்கிலத்தோடும் தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் ஒப்பந்தம் தர வேண்டும். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. ஆனால் முரண்பாடு வந்தால் அரபி வாசகம்தான் செல்லும். அரபிப் பக்கத்தையும் தவறாமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. கடைசிக் கணக்குச் சீட்டு. பாக்கிச் சம்பளம், ஓவர்டைம், எடுக்காத விடுப்புக்கான பணம், பணிக்கொடை, பிடித்தம், டிக்கெட் என்று தனித்தனி வரியாக இருக்க வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தருவதை ஏற்காதீர்கள்.

4. சம்பளச் சீட்டுகளும் வங்கிக் கணக்கு விவரமும். வேலைக்குச் சேர்ந்த மாதத்திலிருந்து இருந்தால் நல்லது. குறைந்தது கடைசி இரண்டு ஆண்டுகளாவது வேண்டும்.

5. ராஜினாமா கடிதமோ, வேலைநீக்கக் கடிதமோ. கம்பெனி பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோ மின்னஞ்சல் பதிலோ இருக்கட்டும்.

6. அக்காமா அல்லது பத்தாக்கா எனப்படும் அடையாள அட்டை, இருபுறமும் படம். விசா ரத்தாகும்போது அட்டையை வாங்கிவிடுவார்கள்.

7. விசா ரத்துக் காகிதம் அல்லது ஃபைனல் எக்சிட் காகிதம்.

8. அந்த நாட்டுப் போலீஸ் கிளியரன்ஸ். வேறு நாட்டுக்குப் போகும்போது கேட்பார்கள். அங்கே இருக்கும்போது வாங்குவது எளிது. இங்கிருந்து வாங்க வேண்டுமானால் கைரேகை, தூதரகம், அத்தாட்சி என்று அலைச்சல்தான்.

9. வங்கிக் கடன், கிரெடிட் கார்டு முடிந்ததற்கான கடிதம். போன் பில், வண்டி அபராதம் கட்டிய ரசீது. பின்னாளில் அந்த நாட்டில் இறங்கும்போது பழைய பாக்கிக்காக விமான நிலையத்திலேயே நிறுத்துவது நடக்கும் காரியம்.

10. வேலையில் அடிபட்டிருந்தால் மருத்துவமனை அறிக்கை, விபத்து அறிக்கை.

கடைசிக் கையெழுத்து

வேலையை முடிக்கும் நாளில் கேம்பிலோ ஆபீஸிலோ வழக்கமாக நடக்கும் பேச்சு இது:

"தம்பி, டிக்கெட் ராத்திரி பத்து மணிக்கு. இதுல ஒரு கையெழுத்தப் போட்டுரு. பணம் அக்கவுண்டுல வந்துரும்."

"அண்ணாச்சி, அந்தக் கணக்குச் சீட்டக் குடுங்க. வாசிச்சுட்டுப் போடுதேன்."

"அதெல்லாம் ஃபார்மாலிட்டிப்பா."

"ஃபார்மாலிட்டின்னா பணம் வந்தப்புறம் போட்டாலும் ஒண்ணுதானே அண்ணாச்சி. ஒரு காப்பியும் வேணும்."

கோபமில்லாமல் இந்த அளவு பேசினாலே போதும். விசா ரத்துப் படிவங்களிலும் கணக்குச் சீட்டுகளிலும் "எனக்குச் சேர வேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகம் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டபின் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தால், கம்பெனி முதலில் நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். வெறும் தாளில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்குக் கீழே தேதியும் "பணம் இன்னும் பெறவில்லை" என்ற வரியும் எழுதி, உடனே படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பணம் எப்போது வர வேண்டும் என்பதற்கும் சட்டத்தில் கெடு உண்டு. அமீரகத்தில் ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள். சவூதியில் முதலாளி முடித்தால் ஒரு வாரத்துக்குள், தொழிலாளி முடித்தால் இரண்டு வாரத்துக்குள். எனவே டிக்கெட் தேதியைக் கணக்கு முடியும் தேதிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

"லீவுல போ, அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவைப்பதும் உண்டு. லீவில் வருவது வேறு, கணக்கு முடித்து வருவது வேறு. சவூதியிலிருந்து எக்சிட் ரீ-என்ட்ரியில் வந்துவிட்டுத் திரும்பாமல் இருந்தால், நீங்களாக வேலையை விட்டு நின்றதாகக் கணக்காகிவிடும், பணிக்கொடையும் சிக்கலாகும். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை என்றால் ஃபைனல் எக்சிட் போட்டு, கணக்கை முடித்தே வாருங்கள். கிளம்புமுன் உங்கள் பெயரில் ஹுரூப், அதாவது ஓடிப்போனதாகப் புகார், பதிவாகியிருக்கிறதா என்று அரசுச் செயலியில் பார்த்துவிடுங்கள்.

சிம்மை அணைக்கும் முன்

இந்தக் காலத்தில் ஒப்பந்தம், சம்பளப் பதிவு, அக்காமா, வங்கி எல்லாமே போனுக்குள் இருக்கிறது. சவூதியில் அப்ஷர், கிவா. அமீரகத்தில் தொழிலாளர் அமைச்சகச் செயலி, யுஏஇ பாஸ். இவை எல்லாமே அந்த நாட்டு எண்ணுக்கு வரும் ஓடிபியில்தான் திறக்கும். சிம் செத்தால் கணக்கும் செத்த மாதிரிதான். ஊருக்கு வந்து பாவூர்சத்திரம் கடையில் உட்கார்ந்து திறக்கப் பார்த்தால் ஓடிபி வராது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு மாலை நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒப்பந்தம், பணி விவரம், சம்பள வரலாறு, வங்கி விவரம் ஆகியவற்றைப் பிடிஎஃப் ஆக இறக்குங்கள். உங்கள் மின்னஞ்சலுக்கும், வீட்டில் ஒருவர் வாட்ஸ்அப்புக்கும் அனுப்புங்கள். போன் தொலைந்தாலும் காகிதம் பிழைக்கும். கடைசிப் பணம் வங்கியில் விழும்வரை சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், கணக்கையும் மூடாதீர்கள்.

பாஸ்போர்ட்

இந்தியப் பாஸ்போர்ட் உங்களுடையதுகூட அல்ல. 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. எந்தக் கம்பெனியும் அதைப் பூட்டி வைக்க முடியாது. கத்தாரில் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்கும் முதலாளிக்கு 25,000 ரியால் வரை அபராதம் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மலேசியாவில் பிறர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படியே குற்றம். "பத்திரமா இருக்கட்டும்னு வச்சிருக்கோம்" என்றால், எழுதிக் கேளுங்கள். தராவிட்டால் இந்தியத் தூதரகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

தர மறுத்தால்

முதலில் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் போதும். மாதிரி இதோ, ஆங்கிலத்திலோ அரபியிலோ மாற்றிக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு, என் பெயர் ........, பணியாளர் எண் ........, பாஸ்போர்ட் எண் ......... நான் ........ தேதி முதல் ........ தேதி வரை தங்கள் நிறுவனத்தில் ........ ஆகப் பணிபுரிந்தேன். இந்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி எனக்குப் பணிச் சான்று, கடைசிக் கணக்குச் சீட்டு, நான் ஒப்படைத்த மூலச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ........ தேதிக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

காரணம் விளக்க வேண்டாம். குறை கூறவும் வேண்டாம். கெடு தேதி மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

பதில் இல்லை என்றால் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார். முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். அமீரகத்தில் 2024 தொடக்கத்திலிருந்து 50,000 திர்ஹம் வரையுள்ள கோரிக்கைகளை அமைச்சகமே தீர்த்துவைக்கும் அதிகாரம் பெற்றிருக்கிறது. தகராறு நடக்கும்போது காகிதத்தையும் பணத்தையும் தனித்தனிக் கோரிக்கையாக எழுதுங்கள். பணத்தைத் தந்துவிட்டுச் சான்றை மறந்துவிடுவது உண்டு.

காலக்கெடு முக்கியம். சவூதி, கத்தார், குவைத் நாடுகளில் வேலை முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். அமீரகத்தில் 2024 ஆகஸ்ட் இறுதியிலிருந்து இது இரண்டு ஆண்டு.

வழக்கு முடியுமுன் ஊருக்கு வர வேண்டியிருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிந்துவிட்டு வாருங்கள். பாக்கி விவரத்தையும் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள்.

இது வீண் வேலை அல்ல என்பதற்குச் சவூதி ஓகர் கட்டுமான நிறுவனத்தின் கதை போதும். 2016-இல் அங்கே ஆயிரக்கணக்கான இந்தியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் தவித்தார்கள். அந்த ஆகஸ்டில் அப்போதைய வெளியுறவு இணையமைச்சர் வி.கே. சிங் ஜித்தா போனார். 2017 ஜூலையில் நிறுவனம் மூடப்பட்டது. அதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் பிலிப்பைன்ஸ் அரசு தன் நாட்டவருக்காக விடாமல் கேட்டது. 2022 நவம்பரில், அது போன்ற நிறுவனங்களில் பாக்கி வைக்கப்பட்ட சுமார் 10,000 பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களுக்காக 200 கோடி ரியால் ஒதுக்குவதாகச் சவூதி பட்டத்து இளவரசர் வாக்களித்தார். 2024-இல் காசோலைகள் வரத் தொடங்கின. எட்டு வருடம் கழித்துப் பணம் வரும்போது, யார் எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு சம்பளத்தில் இருந்தார் என்பதைச் சொல்லக் காகிதம்தான் இருக்கும்.

காகிதம் இல்லாமலே வந்துவிட்டவர்களுக்கு

2020-இல் கொரோனா நேரத்தில் வந்தே பாரத் விமானங்களில் அவசரமாக ஏறி வந்தவர்களில் பலர் இந்த நிலையில்தான் இருந்தார்கள். வழி முழுதாக அடைபட்டுவிடவில்லை.

இருக்கும் ஆதாரங்களைச் சேருங்கள். பாஸ்போர்ட்டின் விசாப் பக்கமும் முத்திரைகளும், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள், வங்கி விவரம், கேம்ப் அடையாள அட்டை, சைட்டில் எடுத்த படம், கூட வேலை பார்த்தவரின் எண் என எல்லாம் உதவும். பத்தாம் வகுப்பு முடிக்காமல் இசிஆர் பாஸ்போர்ட்டில் போனவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: வளைகுடா நாடுகள் ஆறும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் குடிபெயர்வு அனுமதி பெற்றே போக வேண்டும், அந்த ஒப்பந்த விவரம் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கும். பதிவு பெற்ற ஏஜென்ட் மூலம் போயிருந்தால் அவரிடமும் பிரதி கேளுங்கள். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையில் உள்ளது.

பிறகு புகார். வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" தளத்தில் பதிந்தால் அது சம்பந்தப்பட்ட நாட்டுத் தூதரகத்துக்குப் போகும். புகார் எண்ணை வைத்துத் தொடரலாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் எழுதுங்கள். அதன் இலவச உதவி எண் 1800 309 3793. மத்திய அரசின் உதவி மையம் 1800 11 3090. துபாயில் இருந்தபடியே கேட்க, அங்குள்ள இந்திய உதவி மையத்தின் எண் 800 46342. இணையத்தில் பழக்கமில்லாதவர்கள் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவே கொடுக்கலாம். மனு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அந்த நாட்டில் ஆள் வைத்து வழக்கு நடத்த வேண்டுமென்றால், இங்கே நோட்டரி முன் எழுதிய அதிகாரப் பத்திரத்துக்கு வெளியுறவு அமைச்சகத்தின் சென்னைக் கிளையில் அத்தாட்சி வேண்டும். சவூதி, ஓமான், பஹ்ரைன் ஆகியவற்றுக்கு அப்போஸ்டில் முத்திரை போதும். அமீரகம், கத்தார், குவைத் ஆகியவற்றுக்கு அதற்கு மேல் அந்தந்தத் தூதரக முத்திரையும் தேவை.

சிங்கப்பூர், மலேசியா

சிங்கப்பூரில் பணிக்கொடை என்ற சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஏப்ரல் முதல் ஒவ்வொரு சம்பளத்துக்கும் விவரமான சீட்டுத் தர வேண்டும். ஓவர்டைம் தகராறில் அந்தச் சீட்டுகள்தான் துணை. கடைசிச் சம்பளம் உடனே வரவில்லை என்று பதற வேண்டாம். வெளிநாட்டவரின் வரிக் கணக்கு முடியும்வரை அதை நிறுத்திவைக்க முதலாளிக்கு அங்கே சட்டம் இடம் தருகிறது. வரி முடிந்த கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒர்க் பர்மிட்காரருக்குத் திரும்பும் டிக்கெட் செலவு முதலாளியுடையது.

மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு 2019 முதல் சொக்சோ விபத்துக் காப்பீடும், 2025 அக்டோபர் முதல் சேமநிதியும் உண்டு. இரண்டின் உறுப்பினர் எண்ணையும் குறித்து வாருங்கள். சேமநிதியை நாட்டை விட்டு வரும்போது கேட்டுப் பெற வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் இறந்துபோனால் அவருக்குச் சேர வேண்டிய சம்பளமும் பணிக்கொடையும் குடும்பத்துக்கு உரியவை. அதற்கு அங்கிருந்து இறப்புச் சான்று, இங்கே வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ், குடும்பத்தார் எழுதித் தரும் அதிகாரப் பத்திரம் ஆகியவை வேண்டும். இசிஆர் அனுமதியோடு போனவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இருக்கும். விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய். பாலிசி எண் வீட்டில் யாருக்கும் தெரியாததால் கேட்கப்படாமலே போவதுண்டு. அதை இன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

கால வரிசை

இரண்டு மாதம் முன்பு: ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று பாருங்கள். பணிக்கொடையை நீங்களே கணக்குப் போட்டு வையுங்கள்.

ஒரு மாதம் முன்பு: ராஜினாமாவோடு பணிச் சான்றையும் எழுத்தில் கேளுங்கள். போலீஸ் கிளியரன்ஸுக்கு விண்ணப்பியுங்கள்.

இரண்டு வாரம் முன்பு: சான்றின் மாதிரியை வாங்கிப் பெயர், தொழில், தேதி மூன்றையும் சரிபாருங்கள். வங்கி, போன் பாக்கிகளை முடியுங்கள்.

ஒரு வாரம் முன்பு: எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக இறக்கி வீட்டுக்கு அனுப்புங்கள்.

கடைசி நாள்: பணம் வந்ததைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து. மூலக் காகிதங்கள் செக்-இன் பெட்டியில் அல்ல, கைப்பையில்.

ஊர் வந்த முதல் வாரம்: வரவேண்டிய தொகை ஏதும் பாக்கி இருந்தால், கோரிக்கை வைக்கும் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதை வீட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். உறவுக்காரர் வீடு, குற்றால சீசன், கல்யாணம் காட்சி என்று ஆறு மாதம் ஓடிவிடும். கெடு யாருக்காகவும் நிற்காது.